நாயை முயல் துரத்துமா? வேட்டை நாயிடம் முயல் தப்பிப்பது எப்படி... சட்டம் என்ன சொல்கிறது?

பாஞ்சாலங்குறிச்சி கதை நெல்லைச் சீமையில் பலருக்கும் தெரிந்ததுதான். கட்டபொம்மனின் முன்னோர் வேட்டைக்குப் போன இடத்தில், ஒரு முயல் வேட்டை நாய்களையே எதிர்த்துத் துரத்தியதாம். ‘இது வீரம் விளையும் மண்’ என்று அங்கேயே கோட்டை கட்டினார்களாம். சரி, கதை இருக்கட்டும். நிஜத்தில் நாய் விரட்டினால் முயல் என்ன செய்யும்?

இங்கே பேசுவது கூண்டில் வளர்க்கிற வெள்ளை முயலைப் பற்றி அல்ல. பிடரியில் கறுப்புத் திட்டு உள்ள காட்டு முயல். தாமிரபரணிக் கரையின் வயல்களைத் தாண்டினால் வரும் பொத்தைகள், உடங்காடுகள், வல்லநாடு வெளிமான் சரணாலயம் எல்லாம் அதற்கு வீடு. ஆனால் வீடு என்று ஒரு வளை அதற்குக் கிடையாது. புல்லை அமுக்கி உண்டாக்கிய சின்னப் பள்ளம்தான் படுக்கை. அதனால் ஆபத்து வந்தால் ஒன்று அசையாமல் கிடக்க வேண்டும், இல்லையென்றால் ஓட வேண்டும்.

முதலில் கிடக்கும். உடம்பின் நிறம் மண்ணோடு ஒட்டிப்போவதால், காலடிக்கு அருகில் வரும்வரைகூட எழாது. எழுந்துவிட்டால் ஒரே பாய்ச்சல்.

திருப்பத்தில்தான் விஷயம்

கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் மோப்பத்தை விட கண்ணை நம்பி விரட்டுபவை. நேராக ஓடினால் முயலை நெருங்கிவிடும். அதனால் முயல் நேராக ஓடாது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், திரும்பாமலே பின்னால் வரும் நாய் அதற்குத் தெரியும். நாயின் வாய் எட்டும் நேரத்தில் சட்டென வெட்டித் திரும்பும். நாயின் எடை முயலைப் போலப் பல மடங்கு. அந்த வேகத்தில் அதனால் உடனே திரும்ப முடியாது, சில அடி தள்ளிப் போய்த்தான் நிற்கும். முயலுக்குக் கிடைக்கும் லாபம் அந்தச் சில அடிதான்.

பின்னங்கால்கள் நீளம் என்பதால் மேட்டில் ஏறுவது முயலுக்குச் சுலபம். முள்ளுக்குள் நுழையும், கிடைத்தால் நரிப் பொந்திலும் புகுந்துகொள்ளும். கண்ணிலிருந்து மறைந்துவிட்டால் நாய் திகைத்து நிற்கும். இந்த நாய்களால் உச்ச வேகத்தில் அதிக நேரம் ஓடவும் முடியாது, உடம்பு சூடேறிவிடும்.

இங்கிலாந்தில் ஒரு முயல் மீது 2 நாய்களை ஏவிப் போட்டியே நடத்தினார்கள். முயலைக் கொன்ற நாய்தான் ஜெயிக்கும் என்றில்லை, முயலைத் திரும்ப வைத்ததற்கும் புள்ளி உண்டு. 2005 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தடைச் சட்டத்தோடு அது முடிந்தது.

நம்மூர் வேட்டையில் அந்தக் கணக்கும் இல்லை. முதல் நாய் தாண்டிப் போனால், முயல் திரும்பும் பக்கத்தில் அடுத்த நாய் நிற்கும். ராத்திரி என்றால் நெற்றியில் கட்டிய பேட்டரி லைட். வெளிச்சம் கண்ணில் பட்டதும் முயல் அப்படியே உறைந்து நின்றுவிடும். பகலில் அதைக் காப்பாற்றிய பழக்கமே இங்கே அதற்கு எமன்.

‘சும்மா ஓடவிட்டேன் சார்’

பிடிபடுகிறவர்கள் சொல்லக்கூடிய பதில் இது. நாயைப் பழக்கத்தான் கூட்டிவந்தேன், முயல் தப்பிச்சிடுச்சே என்பார்கள். ஆனால் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்றால் கொல்வது மட்டுமல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, நாயை விட்டு விரட்டுவது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். முயல் தப்பினாலும் வழக்கு தப்பாது. 2022-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்ந்தே விதிக்கலாம்.

கன்னி நாயின் ஓட்டத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு முயலே தேவையில்லை. மைதானத்தில் கயிற்றில் கட்டி வேகமாக இழுக்கும் துணிமூட்டையையும் அது விரட்டும். ஓடுகிற எதையும் துரத்துவதுதான் அதன் சுபாவம்.