முத்துக்குளித்துறையில் மறைவாய்க் கொடுத்தவர்கள்



நமது பங்கின் பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தரவேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டனர். ஆலயம் எழுந்த கதையையும், இங்கே பணிபுரிந்த குருக்களின் பட்டியலையும் இம்மலரின் வேறு பக்கங்களில் காண்பீர்கள். நான் எழுத விரும்புவது இக்கரையில் மக்கள் கொடுத்த வரலாறு. கொடுத்துவிட்டுக் காத்திருந்த வரலாறு என்றும் சொல்லலாம்.

முத்துக்குளிப்பை நேரில் கண்டவர்கள் இன்று நம்மிடையே மிகச் சிலரே. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ஆம் ஆண்டு. குளிப்பவர் கனத்த கல்லின் துணையால் அடியில் இறங்குவார். மூச்சு அடங்கும் மட்டும் பாரிலுள்ள சிப்பிகளை வாரிப் பையில் போடுவார். தோணியில் கயிறு பிடித்திருப்பவர் மேலே இழுத்துக்கொள்வார். கரை சேர்ந்ததும் சிப்பிகளைப் பங்கிடுவார்கள். ஆங்கிலேயர் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு குளித்தவருக்கும் சேர்ந்தது. இதிலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சிப்பியைத் திறக்காமலே பங்கிடுவார்கள். திறக்காமலே ஏலம் விடுவார்கள். தம் பங்கில் முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதுமட்டுமா? பாரிலே சிப்பி விளையாவிட்டால் ஆண்டுக்கணக்கில் குளிப்பே இராது. 1928-க்குப் பின் 1955 வரை, இருபத்தேழு ஆண்டுகள், இக்கரை காத்துக்கிடந்தது. இப்படி நிச்சயமற்ற வருமானத்தில் வாழ்ந்த மக்கள்தாம் திருச்சபைக்குக் கொடுத்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் நம் கடற்கரைப் பரதவ மக்கள் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் புனித சவேரியார் இங்கு வந்தார். ஊர் ஊராகச் சென்று செபங்களைத் தமிழில் கற்பித்தார். தாம் இல்லாத நாட்களில் அவற்றைச் சொல்லிக்கொடுக்க உபதேசியார்களை நியமித்தார். அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே! அக்காலத்தில் இக்கரையிலிருந்து போர்த்துக்கல் நாட்டு அரசி கத்தரீனாவின் பாதரட்சைச் செலவுக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. அதை உபதேசியார்களுக்கு விட்டுத்தரும்படி சவேரியார் அரசியை வேண்டினார், அரசியும் இசைந்தார். அரசியின் தாராளத்தைப் போற்றுவோம். ஆயினும் அந்தப் பணம் யாருடைய வியர்வை? மூச்சடக்கிக் குளித்தவர்களுடையதன்றோ! தம் உழைப்பே தம் பிள்ளைகளின் மறைக்கல்வியாகத் திரும்பி வந்ததை அவர்கள் அறிந்திருப்பார்களோ, என்னவோ!

சவேரியாருக்குப் பின் இக்கரையைத் தாங்கியவர் அண்ட்ரிக் அடிகளார் எனப்படும் என்றிக்கே என்றீக்கஸ் அடிகளார். புன்னைக்காயலில் ஏழை நோயாளிகளுக்கென 1550-ஆம் ஆண்டையொட்டி ஒரு மருத்துவமனையை அவர் ஏற்படுத்தினார். மக்களின் காணிக்கை அதைத் தாங்கிற்று. நோயில் கிடப்பவனுக்கு அவனுடைய உறவினரே கஞ்சி ஊற்றவேண்டும் என்றிருந்த காலத்தில், முன்பின் அறியாதவனுக்காக ஓர் ஊரார் கொடுத்தது சிறிய காரியமன்று.

அடுத்து வந்தது அச்சு. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள், ஆனால் இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. மறு ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. 1586-இல் புனிதர்களின் வாழ்க்கையைக் கூறும் ‘அடியார் வரலாறு’ என்ற பெரிய நூல் வெளிவந்தது. இந்த அச்சுப்பணிக்குப் பொருள் தந்தவர்கள் முத்துக்குளித்துறை மக்கள். அவர்களில் எழுத்தறிந்தோர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தம்மால் வாசிக்க இயலாத நூலுக்காகவும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் பெயரை நாம் அறியோம்.

அந்நூல்களுக்கு என்ன நேர்ந்தது? நம் நாட்டில் அவை கண்ணுக்கு எட்டாமல் மறைந்துபோயின. போட்டது வீண் என்றே எவரும் சொல்லியிருப்பர். ஆனால் 1954-இல் தனிநாயகம் அடிகளார் வத்திக்கான் நூலகத்தில் ‘அடியார் வரலாறு’ பிரதியைக் கண்டெடுத்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து நம் தூத்துக்குடி மறைமாவட்டக் குருவாகப் பணிபுரிந்தவர் அவர். பின்னர் இராசமாணிக்கம் அடிகளார் அதைப் பதிப்பித்து, 1967-இல் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் வெளியிட்டது. கணக்கிட்டுப் பாருங்கள்: அச்சானதற்கும் கண்டெடுத்ததற்கும் இடையே 368 ஆண்டுகள்! இன்று தமிழ் அச்சின் வரலாற்றை எழுதுவோர் எவரும் நம் கடற்கரையைக் குறிப்பிடாமல் எழுத முடியாது.

இன்னொரு காத்திருப்பையும் நினைப்போம். 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். ஆலயங்கள் கைவிட்டுப் போயின, குருக்கள் விரட்டப்பட்டனர். ஆட்சியாளரின் சபைக்கு மாறும்படி மக்கள் நெருக்கப்பட்டும் மாறவில்லை. மான்சி அடிகளாரின் முயற்சியால் பனிமய அன்னையின் புதிய ஆலயம் எழுந்து, 1713 ஆகஸ்டு 5-ஆம் நாள் திறக்கப்பட்டது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! 1658-இல் கண்ணீர் விட்ட பெரியவர்களில் அந்த நாளைக் காண எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்? விதைத்தவர் வேறு, அறுத்தவர் வேறு.

வரலாறு எழுதும்போது நல்லதை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. பிடிபட்ட மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு என்பது கடற்கரை ஊர்களில் பழைய வழக்கம். அது அன்பின் காணிக்கையாக இருந்தவரை மனம் குளிர்ந்தது. பின்னாளில் சில ஊர்களில் அது குத்தகையாகி ஏலம் விடப்பட்டது. கடல் பொய்த்த நாளிலும் குத்தகைக்காரர் கரையில் காத்துநின்றபோது ஏழையின் மனம் கசந்தது, ஊர்கள் பிளவுபட்டன. கொடுப்பவன் மனமுவந்து கொடுக்கவேண்டும், வருத்தத்தோடோ கட்டாயத்தாலோ அன்று எனப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைக் குருக்களாகிய நாங்களும் நிதிக் குழுவினரும் முதலில் படிக்கவேண்டும்.

கொடுப்போருக்கும் ஒரு சொல். விளக்கிலும் விசிறியிலும் ‘உபயம்’ என்று பெயர் எழுதுகிறோம். வெளிச்சத்தைவிடப் பெயர் பெரிதாகிவிடுகிறது. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்றவர் நம் ஆண்டவர். வேறு சிலர், “கோயிலுக்கு இவ்வளவு செய்தேனே சாமி, என் தொழில் ஏன் நொடித்தது?” என்று கேட்கிறார்கள். அவர்களுடைய வேதனை உண்மையானது; அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் இறைவன் வட்டிக்கடை வைத்திருக்கவில்லை. இரண்டு செப்புக்காசு போட்ட கைம்பெண்ணை இயேசு புகழ்ந்தார். அந்த அம்மாள் மறுநாள் செல்வந்தரானதாக நற்செய்தியில் எங்கும் இல்லை. அவர் பெற்ற கைம்மாறு, ஆண்டவரின் கண் அவர்மேல் பட்டதே.

சிப்பியைத் திறக்கும் நாள் ஒன்றுண்டு; அது நம் கையில் இல்லை. பிறருக்கு நாம் கொடுத்தது அன்று முத்தாக வெளிப்படும். அதுவரை சோர்ந்துபோகாமல் நன்மை செய்வதே நம் பங்கு.

இன்று முத்துக்குளிப்பு இல்லை. துறைமுகத்திலும் உப்பளத்திலும் விசைப்படகிலும் உழைத்து வாழ்கிறோம். இந்தப் பொன்விழா ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாணவனின் படிப்புக்கோ, ஒரு நோயாளியின் மருந்துக்கோ, பெயர் சொல்லாமல் ஓர் உதவி செய்யட்டும். நூற்றாண்டு விழா மலரை எழுதுவோர் நம் பெயரைத் தேடிக் காணாமல் போகலாம். அதனால் குறைவில்லை. நாம் கொடுத்ததன் பலனை அனுபவிக்கும் பிள்ளைகள் அன்று இருந்தால் போதும்.

பனிமய அன்னை நம் அனைவருக்காகவும் பரிந்து பேசுவாராக!