பி.எட் முடிச்சவங்க இங்கிலாந்தில் டீச்சர் ஆக முடியுமா? என்னென்ன தகுதி வேணும், எவ்வளவு செலவாகும்?

"யுகே-யில் ஆசிரியர் வேலை, மாதம் 3 லட்சம் சம்பளம், பி.எட் இருந்தா போதும்." இப்படி ஒரு விளம்பரம் உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். இதில் பாதி உண்மை. இங்கிலாந்தில் ஆசிரியர் தட்டுப்பாடு இருக்கு, குறிப்பாக இயற்பியலுக்கு. சம்பளமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான், ஆனா அது வரி பிடிக்கும் முன். 'பி.எட் போதும்' என்பதுதான் சிக்கல். நீங்க எந்தப் பாடம் எடுக்கிறீங்க என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

முதலில் ஒன்றைத் தெரிஞ்சுக்கணும். பிரிட்டன் முழுக்க ஒரே விதி கிடையாது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து ஒவ்வொன்றிலும் தனித்தனி ஆசிரியர் கவுன்சில் இருக்கு. ஸ்காட்லாந்தில் அந்தக் கவுன்சிலில் பதிவு செய்யாமல் வகுப்பறைக்குள் போக முடியாது. இங்கே நாம பார்ப்பது இங்கிலாந்து மட்டும்.

கியூ.டி.எஸ் என்றால் என்ன?

'தகுதி பெற்ற ஆசிரியர்' என்ற அரசு அங்கீகாரம்தான் கியூ.டி.எஸ். முன்பு இந்திய ஆசிரியர்கள் நேரடியாக இதைக் கேட்டு விண்ணப்பிக்க முடியாது. 2023 பிப்ரவரியில் இந்தியா உட்பட ஒன்பது நாடுகளுக்கு இந்த வழி திறந்தது. கானா, ஹாங்காங், ஜமைக்கா, நைஜீரியா, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா, உக்ரைன், ஜிம்பாப்வே மற்றவை. இலங்கை இந்த ஒன்பதில் இல்லை.

ஆனா ஒரு நிபந்தனை. இந்த நாடுகளிலிருந்து விண்ணப்பிப்பவர் 11 முதல் 16 வயது மாணவர்களுக்குக் கணிதம், அறிவியல் அல்லது மொழிப்பாடம் நடத்தும் தகுதி உள்ளவராக இருக்கணும். மொழி என்றால் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் போன்றவை. பி.ஏ ஆங்கிலம், பி.எட் முடித்து இங்கே ஆங்கில ஆசிரியராக இருப்பவர் இதில் வர மாட்டார். வரலாறு, வணிகவியல், கணினி ஆசிரியர்களுக்கும் இதே நிலைதான்.

பாடம் பொருந்தினால் அடுத்தது படிப்பு. பிரிட்டன் இளநிலைப் பட்டத்துக்கு இணையான ஒரு பட்டம் வேணும், அதே தரத்தில் ஆசிரியர் பயிற்சியும் வேணும். நம்ம ஊர் பி.எஸ்சி, பி.எட் கூட்டணி இதுக்குப் பொருந்தும். டிப்ளமோ என்பதால் டி.டி.எட் மட்டும் வைத்திருக்கும் இடைநிலை ஆசிரியர்களுக்கு இந்த வழி கிடைக்காது. பயிற்சி முடிந்த பிறகு குறைந்தது ஒரு கல்வி ஆண்டு முழுசா வேலை பார்த்த அனுபவமும் காட்டணும். பயிற்சிக் காலத்தில் எடுத்த வகுப்புகள் இதில் சேராது. இரண்டு ஆண்டு அனுபவம் இல்லாதவர்கள், அங்கே சேர்ந்த பிறகு இரண்டு ஆண்டு கண்காணிப்புக் காலத்தை முடிக்க வேண்டியிருக்கும்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. இதை அடிக்கோடு போட்டு வச்சுக்கோங்க, காரணம் கீழே வருது.

கியூ.டி.எஸ் இல்லைன்னா வாய்ப்பே இல்லையா?

இருக்கு. வெளிநாட்டில் பயிற்சி பெற்ற ஆசிரியர், உள்ளாட்சி நிர்வகிக்கும் அரசுப் பள்ளியில் கியூ.டி.எஸ் இல்லாமலேயே நான்கு ஆண்டு வரை வேலை பார்க்கலாம். அதுக்குள் கியூ.டி.எஸ் வாங்கிடணும். அனுபவம் உள்ளவர்கள் புதிதாகப் பயிற்சி எடுக்காமல், அங்கே வேலை பார்த்தபடியே மதிப்பீட்டை மட்டும் எதிர்கொண்டு அதைப் பெறும் வழியும் உண்டு. தனியார் பள்ளிகளில் கியூ.டி.எஸ் கட்டாயமில்லை. அகாடமி பள்ளிகளிலும் இதுவரை அப்படித்தான் இருந்தது, ஆனா அங்கே விதியை இறுக்கும் மசோதா 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது.

நடைமுறையில் சிக்கல் சம்பளத்தில் வரும். கியூ.டி.எஸ் உள்ள புதிய ஆசிரியருக்கு 2025-26-ல் லண்டனுக்கு வெளியே தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 32,916 பவுண்ட். இல்லாதவருக்குத் தனி சம்பள விகிதம், அதன் கீழ்ப்படி 25,000 பவுண்டைக்கூடத் தொடாது. ஆசிரியர் விசாவுக்கான குறைந்தபட்ச சம்பளமே 25,000 பவுண்ட் என்பதால், அந்தப் படியில் வேலை கிடைத்தாலும் விசா கிடைக்காது.

விசாவுக்கு என்ன வேணும்?

கியூ.டி.எஸ் என்பது விசா அல்ல, வேலையும் அல்ல. ஸ்பான்சர் உரிமம் வைத்திருக்கும் பள்ளி உங்களைத் தேர்வு செய்து ஸ்பான்சர்ஷிப் சான்று கொடுத்தால்தான் ஸ்கில்டு ஒர்க்கர் விசா கேட்க முடியும். தினக்கூலி மாதிரி பள்ளி பள்ளியாக அனுப்பும் 'சப்ளை டீச்சர்' வேலைக்கு இந்த விசா வராது.

2026 ஜனவரி 8 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு ஆங்கிலத் தேர்ச்சி பி2 நிலையில் இருக்கணும். ஐ.இ.எல்.டி.எஸ் எழுதினால் 'யுகேவிஐ' பிரிவில் எழுதுங்க, சாதாரணத் தேர்வு விசாவுக்குச் செல்லாது. கூடவே பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் சான்றும் தேவை. கடந்த 10 ஆண்டில் துபாய், சவுதி மாதிரி வேறு நாட்டில் ஓராண்டுக்கு மேல் இருந்திருந்தால் அங்கிருந்தும் வாங்கணும். இதுதான் பலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் முதலிலேயே ஆரம்பிச்சிடுங்க.

பலர் கணக்கில் எடுக்காத செலவு, சுகாதாரக் கட்டணம். நர்ஸ்களுக்கு விலக்கு உண்டு, ஆசிரியர்களுக்குக் கிடையாது. பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட், குழந்தைக்கு 776. கணவன், மனைவி, ஒரு குழந்தை மூன்று ஆண்டு விசாவில் போனால் 8,538 பவுண்ட் ஆகுது. கிளம்பும் முன்பே மொத்தமாகக் கட்டணும். விசா கட்டணம், விமான டிக்கெட், வீட்டு முன்பணம் எல்லாம் தனி.

ஏஜென்ட் பணம் கேட்டால்?

வேலை தேடித் தருவதற்காக வேலை கேட்பவரிடம் கட்டணம் வாங்குவது பிரிட்டன் சட்டப்படி தவறு. ஸ்பான்சர்ஷிப் சான்றுக்கான கட்டணத்தையும் பள்ளிதான் கட்டணும், 2024 டிசம்பர் 31 முதல் அதை ஊழியர் தலையில் கட்டக்கூடாது என்று விதி இருக்கு. அதனால் 'சிஓஎஸ் ரெடி, 12 லட்சம் கொடுங்க' என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடிச்சுக்கலாம். கியூ.டி.எஸ் வாங்கித் தர ஒரு லட்சம் என்பதும் அப்படித்தான், அந்த விண்ணப்பத்துக்குத்தான் கட்டணமே இல்லையே.

நகையை அடகு வைக்கும் முன் மூன்று இடங்களைப் பாருங்க. உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியல் பிரிட்டன் அரசு இணையதளத்தில் இருக்கு, பள்ளியின் பெயர் அதில் இருக்கணும். 'டீச்சிங் வேகன்சீஸ்' என்ற அரசு வேலைவாய்ப்பு தளத்தில் விசா ஸ்பான்சர் செய்யும் பள்ளிகளை மட்டும் பிரித்துப் பார்க்கலாம், நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். இந்திய ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அவருக்குப் பதிவு இருக்கான்னு பாருங்க.