தலைமுடி வெளுத்தல்

தலைமுடி வெளுத்தல் என்பது முடிக்குள் இருக்கும் இயற்கை நிறமியை வேதிப்பொருளால் சிதைத்து நிறத்தைக் குறைக்கும் ஒப்பனை முறை. சாயம் போடுவது வேறு, இது வேறு. சாயம் நிறத்தைச் சேர்க்கிறது. வெளுத்தல் இருப்பதை எடுத்துவிடுகிறது. சலூன் விலைப்பட்டியலில் ஹைலைட்ஸ், பேபிலைட்ஸ், பாலியாஜ், ஓம்ப்ரே என்று வரிசையாக நிற்பவை தனித்தனி மருந்துகள் அல்ல. எல்லாவற்றுக்கும் கிண்ணத்தில் குழைப்பது ஏறக்குறைய ஒரே கலவைதான். அதைத் தலையில் எங்கே, எவ்வளவு கற்றையில், எப்படிப் பூசுவது என்பதில்தான் பெயர் மாறுகிறது, கூலியும் மாறுகிறது.

வேதியியல்

முடிக்கு நிறம் தருவது மெலனின். கருமையும் பழுப்பும் தரும் யூமெலனின், சிவப்பும் மஞ்சளும் தரும் ஃபியோமெலனின் என அதில் இரு வகை உண்டு. ப்ளீச் கலவையில் உள்ள காரப்பொருள் முடியின் மேற்செதில்களை உப்பவைத்து வழிவிட, ஹைட்ரஜன் பெராக்சைடும் பெர்சல்ஃபேட் உப்புகளும் உள்ளே போய் மெலனினை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. பெராக்சைடை 1818இல் கண்டறிந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி ஜாக் தெனார். 1867ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அது முடி வெளுக்கும் பொருளாகக் காட்டப்பட்டது. அதற்கெல்லாம் முன்பே, 16ஆம் நூற்றாண்டு வெனிஸ் நகரப் பெண்கள் உச்சி திறந்த, விளிம்பு அகன்ற தொப்பியை மாட்டி, முடியை விளிம்பின்மேல் பரப்பி மாடியில் வெயில் காய்ந்தார்கள். முடி வெளுக்க வேண்டும், முகம் கறுக்கக் கூடாது.

டெவலப்பர் என்று சலூனில் சொல்லும் பெராக்சைடு பாலின் வீரியத்தை வால்யூம் கணக்கில் குறிப்பார்கள். 10 வால்யூம் என்பது 3 சதவீதம், 20 என்பது 6, 30 என்பது 9, 40 என்பது 12. ஒரு லிட்டர் 20 வால்யூம் கரைசல் 20 லிட்டர் ஆக்சிஜனை வெளிவிடும் என்பது இந்த எண்ணின் பொருள். வீரியம் கூடினால் வேகம் கூடும். ஆனால் முடிக்கு வலுவூட்டும் கெரட்டினின் டைசல்ஃபைடு பிணைப்புகளும் கூடவே உடையும். கருமுடியை 40 வால்யூமில் ஒரே சிட்டிங்கில் முடித்துத் தருவதாகச் சொல்பவரைவிட, 20 வால்யூமில் இரண்டு மூன்று சிட்டிங் கேட்பவரே தொழில் தெரிந்தவர்.

கருமுடி வெளுக்கும் பாதை

முடியின் நிற ஆழத்தை 1 முதல் 10 வரையான லெவல்களாகப் பிரிக்கிறார்கள். 1 கறுப்பு, 10 மிக வெளிர்ந்த பொன்னிறம். தமிழரின் முடி பெரும்பாலும் முதல் மூன்று லெவலுக்குள் அடங்கும். அங்கிருந்து 10க்குத் தாவ முடியாது, ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். கலவை பூசி மடித்த ஃபாயிலை, அதாவது அலுமினியத் தாளை, ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்தால் அந்தப் படிகள் கண்ணுக்கே தெரியும். முதலில் செங்கல் சிவப்பு, பிறகு செம்பு, கேரட் ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் வாழைப்பழத் தோலின் உட்புறம் போன்ற வெளிர் மஞ்சள். யூமெலனின் முதலில் சிதைந்துபோக, ஃபியோமெலனின் எளிதில் விடாமல் நிற்பதே இதற்குக் காரணம்.

எண்ணெய் காணாத தலையைச் செம்பட்டை என்று ஏசும் ஊரில், காசு கொடுத்துச் செம்பட்டையோடு வீடு திரும்புவது பெரிய ஏமாற்றம். வெளுப்பைப் பாதியில் நிறுத்தி, டோனரும் போடாமல் விட்டால் நடப்பது அதுதான். டோனர் மிச்சமிருக்கும் நிறத்தை எதிர்நிறத்தால் அடக்கும்: ஆரஞ்சுக்கு நீலம், மஞ்சளுக்கு ஊதா. சில வாரங்களில் அது கழுவிப் போக, அடியிலிருக்கும் நிறம் மறுபடி எட்டிப் பார்க்கும். கேரமல், தேன் போன்ற நிறங்களுக்கு 6, 7ஆம் லெவலே போதும். அடியில் உள்ள ஆரஞ்சே அவற்றுக்கு உதவியாகிவிடும். சாம்பல் சாயல் கொண்ட பொன்னிறத்துக்கோ 9, 10 வரை போயாக வேண்டும். கருமுடிக்காரருக்கு முன்னது கட்டுப்படியாகும், பின்னது பராமரிப்பிலேயே ஆளைக் களைப்பாக்கும்.

பூசும் முறைகள்

ஃபாயில் ஹைலைட்ஸில், கூர்வால் சீப்பால் மெல்லிய பகுதியை எடுத்து, அதிலிருந்து ஊசி கோப்பதுபோல் இழைகளை மேலும் கீழுமாகப் பிரித்து, அலுமினியத் தாளில் கிடத்திக் கலவையைத் தடவி மடிப்பார்கள். தாள் ஈரத்தையும் சூட்டையும் காக்கும். ஆகவே வெளுப்பு கூடுதலாக ஏறும், பக்கத்து முடியில் படவும் செய்யாது. துளையிட்ட ரப்பர் தொப்பி வழியாகக் கொக்கியால் முடியை இழுத்து வெளுத்தது இதற்கு முந்தைய முறை. இழைகளை மிக நுண்ணியதாக எடுத்தால் அதுவே பேபிலைட்ஸ், நேரம் இரட்டிப்பாகும். நரையை மறைக்காமல் கலந்துவிட நினைப்பவருக்கு இது பொருத்தம்.

பாலியாஜ் என்பதற்குப் பிரெஞ்சில் பெருக்குதல் என்று பொருள். 1970களில் பாரிஸ் சலூன்களில் உருவானது. தாளில்லாமல், துடைப்பம் வீசுவதுபோலத் தூரிகையை முடியின் மேற்பரப்பில் வீசி, நுனிக்குப் போகப்போக அடர்த்தியாகப் பூசுவார்கள். வேரைத் தொடாததால் முடி வளர்ந்தாலும் கோடு தெரியாது. மூன்று நான்கு மாதம் ஓட்டலாம். வேரை ஒட்டிப் போட்ட ஹைலைட்ஸுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் திரும்பப் போக வேண்டும். ஆனால் திறந்த காற்றில் கலவை சீக்கிரம் காய்ந்து வேகம் இழக்கும். இரண்டு மூன்று லெவல் ஏறினாலே போதும் என்ற பழுப்பு முடிக்கு அது எடுபடும். கறுப்பில் செங்கல் நிறத்தோடு நின்றுவிடலாம். அதனால் கருமுடிக்குத் தூரிகையால் வரைந்து, பிறகு தாளில் மூடும் ஃபாயிலியாஜ் முறையைப் பலர் கையாள்கிறார்கள்.

ஓம்ப்ரே மேலே கறுப்பு, கீழே வெளிர் என்று நுனியை முழுவதுமாக வெளுப்பது. முழுத்தலை ப்ளீச்சில் நடுமுடிக்கு முதலில் பூசி, வேரைக் கடைசிக்கு வைப்பார்கள். உச்சந்தலைச் சூட்டில் வேர்ப்பகுதி வேகமாக வெளுத்து, தலையில் ஒளிவட்டம் கட்டியதுபோல் ஆகிவிடுவதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு.

முடியின் முன்கதை

எந்த முறை என்பதை, வாடிக்கையாளர் கொண்டுவரும் மாதிரிப் படத்தைவிட, அந்த முடி இதுவரை என்னென்ன பட்டது என்பதே தீர்மானிக்கிறது. கறுப்புச் சாயம் ஏறிய முடியின்மேல் வெளிர்ச் சாயம் போட்டால் வெளுக்காது. பழைய சாயத்தையும் ப்ளீச்தான் எடுக்க வேண்டும், அது திட்டுத்திட்டாகவே போகும். மருதாணியின் செந்நிறம் கெரட்டினோடு பிணைந்துவிடுவதால் பிடிவாதமாக நிற்கும். மருதாணிக்கு மேல் அவுரிப் பொடி போட்டிருந்தால் வெளுக்கும்போது பச்சை தட்டலாம். உலோக உப்பு கலந்த சாயங்கள் பெராக்சைடோடு சேர்ந்து சூடேறி முடியை இற்றுப்போகச் செய்யும். நேராக்குவதற்காக ரீபாண்டிங் செய்த முடியின் பிணைப்புகள் ஏற்கெனவே ஒருமுறை உடைந்து கட்டப்பட்டவை. அதன்மேல் ப்ளீச் வைப்பது துணிச்சல். பின்கழுத்துப் பக்கம் மறைவாக ஒரு சிறு கற்றையை வெட்டிச் சோதித்துப் பார்த்தால் இவையெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். டோனருக்கும் சாயத்துக்கும் ஒவ்வாமை உண்டா என்று 48 மணி நேரத்துக்கு முன்பே தோலில் தடவிப் பார்ப்பது தனிச் சோதனை. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

வெளுத்த முடி நுண்துளைகள் நிறைந்தது. தண்ணீரில் செம்பு இருந்தால் உறிஞ்சிப் பச்சை காட்டும், நீச்சல் குளத்தில் குறிப்பாக. வாடிக்கையாளருக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் உச்சந்தலை எரிச்சலோடும் முடி உடைவதோடும் முடிந்துவிடும். நாள் முழுக்க அந்தப் பொடியைக் குழைப்பவருக்கு அப்படியல்ல. காற்றில் பறக்கும் பெர்சல்ஃபேட் தூசு, சிகையலங்காரத் தொழிலாளருக்கு ஆஸ்துமாவும் கைத்தோல் அழற்சியும் வரக் காரணமாக மருத்துவத்தில் பதிவானது.