கல்லைத் தட்டிக் கேட்டவர்கள்

மாமல்லபுரம்னாலே கல்லைப் பார்க்கத்தான் போறோம். இன்னைக்கு, கல்லைக் காதால கேட்டவங்களைப் பத்திப் பேசலாம்.

சிற்பிகள்ல இருந்து ஆரம்பிப்போம். உளி வைக்கிறதுக்கு முன்னாடி கல்லைத் தட்டிப் பார்ப்பாங்க. மணி மாதிரி கணீர்னு ஒலிச்சா ஆண் கல், வெண்கலத் தாளம் மாதிரி மெல்லிசா ஒலிச்சா பெண் கல், ஓசையே இல்லைன்னா அலிக்கல். சிற்ப நூல் மரபு சொல்ற பிரிவு இது. பேர்களை விடுங்க, வேலை ரொம்ப நடைமுறையானது: உள்ளே விரிசல் இருந்தா கல் கணீர்னு ஒலிக்காது. 1957-ல தொடங்கின மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிற ஊர்ல, கண்ணுக்கு முன்னாடி காதுதான் கல்லைத் தேர்ந்தெடுக்குது.

கல்லோட ஒலியை அப்படியே கேட்கிறவங்க கையில கொடுத்த இடங்களும் உண்டு. நெல்லையப்பர் கோயில், மதுரை, சுசீந்திரம், ஹம்பி விட்டலர் கோயில்னு இசைத்தூண்கள் இருக்கிற ஊர்கள் பல. விரலால தட்டினா ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு மாதிரி ஒலிக்கும். "உள்ளே குழாய் இருக்கு சார்"னு கைடு சொல்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீங்க.

அந்தக் கதைக்குப் பதில் சொன்னது நம்ம செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைதான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்துல இருக்கிற இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துல, ஒரு பொருளை உடைக்காமலேயே அதோட உட்புறத்தைச் சோதிக்கிற வல்லுநர்கள் இருக்காங்க. அணு உலைப் பாகத்துல குறை இருக்கான்னு அல்ட்ராசவுண்ட் வச்சுப் பார்க்கிறவங்க. அந்த மையத்து ஆய்வாளர்கள் ஹம்பிக்குப் போய், பேர் பெற்ற 11 தூண்களோட ஒலியைப் பதிவு பண்ணி அலசினாங்க. முடிவுகள் 2008-ல அமெரிக்க ஒலியியல் சங்கத்தோட ஆய்விதழ்ல வந்துச்சு. குழாயும் இல்ல, பொந்தும் இல்ல, கெட்டிக் கல். தட்டினதும் தூண் வில் மாதிரி வளைஞ்சு நிமிர்ந்து அதிருது. அந்த வளைவு அதிர்வுதான் நாம கேட்கிற சுரம்.

எனக்கு இந்த விடை குழாய்க் கதையைவிடப் பெரிய ஆச்சரியம். ஒளிச்சு வைக்க எதுவுமே இல்லாம, நீளத்தையும் தடிமனையும் மட்டும் வச்சு ஒருத்தர் கல்லைப் பேச வச்சிருக்கார்!

எந்தப் பொருளுக்கும் இப்படி ஒரு சொந்தக் குரல் உண்டு. 20-ஆம் நூற்றாண்டுல அந்தக் குரலையே இசையாக்கினவர் டேவிட் ட்யூடர். ஜான் கேஜோட '4 நிமிடம் 33 விநாடி'யை 1952-ல முதன்முதலா மேடையேத்தின பியானோ கலைஞர். கேஜுக்கு 1946-ல நியூயார்க்ல இந்திய இசை சொல்லிக் கொடுத்தவர் கீதா சாராபாய். அந்த உறவு வழியாத்தான் 1969-ல ட்யூடர் அகமதாபாத் வந்து, தேசிய வடிவமைப்பு நிறுவனத்துல மூக் சிந்தசைஸரோட ஒரு மின்னணு இசைக்கூடம் அமைச்சார். 1973-ல அவர் உருவாக்கினது 'ரெயின்ஃபாரஸ்ட் 4'. தகரம், மரம், பீப்பாய்னு கிடைச்சதையெல்லாம் கூரையில தொங்கவிட்டு, ஒவ்வொண்ணுலயும் அதிர்வைச் செலுத்தினாங்க. பொருளே ஸ்பீக்கர். வந்தவங்க நடுவுல நடந்து, காதை வச்சு, சில பேர் பல்லால கடிச்சுக்கூட கேட்டாங்க.

உடனே "நாமதான் முதல்ல செஞ்சோம்"னு வாட்ஸாப்ல அனுப்பிடாதீங்க. ட்யூடர் நம்ம தூணைப் பார்த்துச் செஞ்சார்ங்கறதுக்கு ஆதாரம் இல்ல. ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே இடத்துக்கு வந்திருக்காங்க, அவ்வளவுதான்.

ஆனா ஒரு வித்தியாசம் முக்கியம். ட்யூடரோட தகரம் நசுங்கினா வேற தகரம் மாட்டலாம். ஹம்பித் தூண் உடைஞ்சா மாற்றுத் தூண் கிடையாது. பல வருஷம் வந்தவங்க எல்லாரும் தட்டித் தட்டி, இப்போ அங்க தொடவே தடை. தடை சரிதான், நான் அந்தப் பக்கம்தான். விலையையும் சொல்லணும்ல: தொடுறதுக்காகவே செஞ்ச ஒரு பொருள் இப்போ ஊமையா நிக்குது. அடுத்த தலைமுறைக்கு அது இன்னொரு தூண்.

அதனால பழசை விட்டுட்டுப் புதுசா செய்யலாமேங்கறது என் கட்சி. கல்லைக் கேட்கத் தெரிஞ்ச சிற்பி மாமல்லபுரத்துல இருக்கார். அதை அளக்கத் தெரிஞ்சவர் கல்பாக்கத்துல இருக்கார். நடுவுல ஒரு மணி நேரப் பயணம்கூட இல்ல. ஊர்ப் பிள்ளைங்க இஷ்டத்துக்குத் தட்டட்டும், உடைஞ்சா இன்னொண்ணு செதுக்கலாம்.

கணக்கும் சொல்லிடறேன், இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதுக்காவது உதவட்டும். வீணைத் தந்தியைப் பாதியாக்கினா சுரம் ஒரு ஸ்தாயி ஏறும். தூண் வளைஞ்சு அதிர்றதால, பாதியாக்கினா ரெண்டு ஸ்தாயி ஏறிடும். ஒரே கல், ஒரே தடிமன், ஒரே மாதிரி பிடிமானம்னு வச்சுக்கோங்க. 1 மீட்டர் தூண் 'ச'ன்னா, 'ப'வுக்குச் சுமார் 82 சென்டிமீட்டர், மேல் 'ச'வுக்குச் சுமார் 71. மிச்ச சுருதியைச் சிற்பி தட்டிப் பார்த்து, உளியாலயே சேர்த்துக்குவார்.