கீழ்வாயிலக்கக் கூட்டல்

பகுதி வேறுபட்ட பின்னங்களைக் கூட்ட இன்றைய மாணவர் முதலில் மீச்சிறு பொது மடங்கு காண்கிறார். தமிழகத்துத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த சிறுவனுக்கு அந்த வேலை பெரும்பாலும் இல்லை. அவனுக்குப் பொதுப் பகுதி முன்பே கிடைத்திருந்தது, அது 320.

ஒன்றை 320 கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி. நான்கு முந்திரி ஒரு காணி (1/80), பதினாறு முந்திரி ஒரு மா (1/20), எண்பது முந்திரி கால். இருபது முந்திரி கொண்ட 1/16-க்கு மாகாணி என்று பெயர். வீசம் என்றும் சொல்வர். மாகாணி என்ற பெயரே ஒரு கூட்டல்தான். மாவும் காணியும், அதாவது 16-உம் 4-உம் சேர்ந்து 20. வேற்றினப் பின்னங்கள் இரண்டைக் கூட்டி வந்த விடையையே பெயராக வைத்துவிட்டார்கள்! மாவோடு மாகாணியைக் கூட்டினால் 36 முந்திரி. அது இருமாவும் காணியும் (1/10 + 1/80). வாய்ப்பாடு மனப்பாடமானவனுக்கு எழுதிப் பார்க்கவும் தேவையில்லை.

ஆனால் 320-இன் பகாக் காரணிகள் 2, 5 மட்டுமே. பழவேற்காட்டு ஏரிக்கரையில் சுண்ணாம்புக்குளம் போன்றதோர் ஊரில் மூவர் ஒரு படகில் போய், கிடைத்ததைச் சமமாகப் பிரிப்பதாகக் கொள்வோம். ஆளுக்கு 106 முந்திரி போக, இரண்டு மிஞ்சும். முந்திரியை மறுபடி 320 கூறாக்கியது கீழ்முந்திரி. மிஞ்சிய இரண்டும் 640 கீழ்முந்திரி ஆகும். ஆளுக்கு 213 போக, அங்கும் ஒன்று மிஞ்சும். மூன்றில் ஒன்று இந்தக் கணக்கில் அடங்குவதில்லை.

ஆங்கிலேயர் கால ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக 192. அதில் மூன்றில் ஒரு பங்கு 64. அதாவது ஐந்தணா நான்கு பை, மீதமில்லை. வீசமும் சரியாக ஓரணா. மா மட்டும் இடறியது: 192-ஐ 20-ஆல் வகுத்தால் 9.6.

1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 100 நயா பைசா வந்தது. மாவுக்கு ஐந்து பைசா சரியாக அமைந்தது, ஓரணாவுக்கோ 6.25. கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் அந்தக் கால் பைசா தொல்லை கொடுத்தது. நாலணா, எட்டணா, பன்னிரண்டணா ஆகியவை மட்டும் 25, 50, 75 என்று மீதமின்றி மாறின. நாலணா, எட்டணா என்ற பெயர்கள் அணா போன பின்பும் நெடுங்காலம் பேச்சில் இருந்தன.