பச்சை முக்கோணம் பிறந்த கதை

கோட்டக்குப்பத்துக்கு வடக்கே, மரக்காணத்து உப்பளக் காற்று எட்டுகிற மணற்பாங்கான நிலங்களில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறார்கள். இலையில் கரும்புள்ளி விழுந்தால் அது டிக்கா நோய். உரக்கடையில் சொன்னால் மேங்கோசெப் என்ற மஞ்சள் பொடியை எடுத்துத் தருவார்கள். பாக்கெட்டில், முனையை ஊன்றி நிற்கும் ஒரு சதுரம். அதன் கீழ்ப்பாதி முக்கோணம் பச்சை. "பச்சைதானே, ஒண்ணும் பண்ணாது" என்று வெறுங்கையால் கலக்குபவர்களைப் பார்க்கும்போது, அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தோன்றும்.

1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் சாப்பிட்ட கையோடு மனிதர்கள் சுருண்டு விழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஃபாலிடால் என்ற பெயரில் விற்ற பாரத்தியான் பூச்சிமருந்து, உணவுச் சரக்கோடு ஒன்றாகக் கப்பலில் வந்து, கசிந்து, கோதுமை மாவில் கலந்திருந்தது. விசாரிக்க நீதிபதி ஜே.சி. ஷா ஆணையத்தை மத்திய அரசு அமைத்தது.

அந்தச் சாவுகளின் பாடமாக வந்ததுதான் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். பெயரில் பூச்சி இருந்தாலும் பூஞ்சைக்கொல்லியும் களைக்கொல்லியும் அதற்குள் அடக்கம். நோய்க்குக் கேட்குமா, மனிதருக்கும் கால்நடைக்கும் தீங்கில்லையா என்று பார்த்துப் பதிவு செய்த பிறகே எந்த மருந்தையும் விற்கலாம் என்றானது. 1971இல் வந்த விதிகள் பாக்கெட்டில் அந்தச் சதுரத்தை வைத்தன.

நிறத்தைத் தீர்மானிப்பதில் முக்கியமானது ஓர் எண். சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்ல, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் எத்தனை மில்லிகிராம் மருந்து வாய்வழி போக வேண்டும் என்பதே அது. 50 வரை சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. பாரத்தியான் கடும் சிவப்பு. மேங்கோசெப் பச்சை.

ஆக, பச்சை முதன்மையாகச் சொல்வது இதுதான்: ஒரே மூச்சில் விழுங்கினால் எவ்வளவு மருந்தில் சாவு வரும் என்பது. இருபது வருடம் தினமும் துளித்துளியாய்ச் சோற்றோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று அது சொல்வதில்லை. மேங்கோசெப் சிதையும்போதும், அதன் எச்சம் அடுப்பில் வேகும்போதும் எத்திலீன் தயோயூரியா உண்டாகிறது. எலிகளின் தைராய்டில் அது கட்டியை உண்டாக்கியது. அதனால்தான் உலக நிபுணர் குழு, வாழ்நாள் முழுக்கத் தினமும் உண்ணத்தக்க அளவை ஒரு கிலோ உடல் எடைக்கு மேங்கோசெப்புக்கு 0.03 மில்லிகிராம், அந்தச் சிதைபொருளுக்கு 0.004 மில்லிகிராம் என்று வைத்தது. விலங்குக்குத் தீங்கு செய்யாத அளவை எடுத்து, விலங்கு வேறு மனிதர் வேறு, மனிதருக்கு மனிதரும் வேறு என்று வழக்கமாக நூறால் வகுத்துத்தான் இத்தகைய எண்களை எட்டுகிறார்கள். கருவுக்கும் ஹார்மோன்களுக்கும் கேடு என்று 2020 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் மேங்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு மே மாதம் இந்தியா வெளியிட்ட 27 மருந்துகளின் தடை வரைவிலும் அதன் பெயர் இருந்தது. இன்றும் கடையில் கிடைக்கிறது.

என் மனத்தை உறுத்துவது இதுதான். 1958இல் இறந்தவர்கள் மருந்தடித்தவர்கள் அல்லர், சாப்பிட்டவர்கள். அவர்கள் சாவில் பிறந்த முக்கோணமோ மருந்தைக் கையாள்பவரிடம் மட்டுமே பேசுகிறது. சாப்பிடுபவருக்கான செய்தி பாக்கெட்டுக்குள் மடித்து வைத்த தாளில் இருக்கிறது: எந்தப் பயிருக்கு எவ்வளவு, மருந்தடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை. மல்லாட்டைக் கொடியை மாட்டுக்குப் போடுகிறோம். அந்த மாட்டின் பாலைப் பிள்ளை குடிக்கிறது. சந்தையில் தக்காளி வாங்குகிறவர் அந்தத் தாளைப் பார்க்கப் போவதேயில்லை. அவருக்காகவும் சேர்த்து அதைப் படிக்கக்கூடியவர் வயலில் நிற்பவர் ஒருவர்தான். கையுறையை மாட்டிக்கொண்டு, பொடியைக் கரைக்கும் முன் அந்தத் தாளைப் பிரித்துப் பாருங்கள்.