இப்னு பதூதா உண்ட இலைச்சோறு

அயல்நாடு செல்பவர் முதலில் அறிய வேண்டியது அந்நாட்டார் உண்ணும் முறையாகும். மொராக்கோவின் தான்ஜியர் நகரில் 1304-இல் பிறந்த இப்னு பதூதா, 1342-ஆம் ஆண்டில் நமது நாஞ்சில் நாட்டுக்கு அண்மையிலுள்ள மலையாளக் கரைக்கு வந்தபோது இப்பாடத்தைக் கற்றார். அவர் சொல்ல, இப்னு ஜுஸை 1355-இல் எழுதி முடித்த பயண நூல் இதற்குச் சான்று.

வடக்கே ஹொன்னாவரில் சுல்தான் ஜமாலுத்தீன் முஹம்மது அவருக்கு விருந்தளித்தார். சோறும் நெய்யும், மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்களும் முறை முறையாக வந்தன. இறுதியில் தயிர் வந்தால் விருந்து முடிந்தது என்று பொருள். நம் பந்தியில் கடைசியாக மோர் வருவதை அறிந்தோர்க்கு இது புதிதன்று. பின்னர் அங்கே 11 மாதங்கள் ரொட்டியின்றிச் சோறே உண்டு வாழ்ந்தார் அந்த மேற்குலகத்து அறிஞர்.

தெற்கே கொல்லம் செல்லும் வழியில் அவர் கண்டது வேறு. அரை மைலுக்கு ஒரு வழியம்பலமும் கிணறும் இருந்தன. இந்துக்களுக்குத் தண்ணீர் பாத்திரத்தில் கிடைத்தது. முஸ்லிம்களுக்கோ கையில் வார்க்கப்பட்டது. முஸ்லிம் உண்ட பாத்திரத்தை உடைத்துவிடுவர், அல்லது அவருக்கே கொடுத்துவிடுவர். முஸ்லிம்கள் குடியிராத ஊர்களில் அவ்வூராரே சமைத்து, வாழையிலையில் சோறிட்டுக் குழம்பு ஊற்றிக் கொடுத்தனர்.

இதில் விலக்கலும் உண்டு, ஈகையும் உண்டு. வீட்டுக்குள் விடாதவர்கள் வழிப்போக்கரைப் பசியோடு அனுப்பவுமில்லை. இரண்டையும் மறைக்காமல் எழுதி வைத்தது இப்னு பதூதாவின் நேர்மை.

சேர்ந்து உண்டாலும் தனித்து உண்டாலும் குற்றமில்லை என்கிறது திருமறையின் அந்நூர் அத்தியாயம். ஆகவே தனி இலையில் பிழையில்லை. மனிதன் தொட்டதால் பாத்திரம் தீட்டாகிவிட்டது என்று எண்ணுவதே பிழை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டில் வளர்ந்த சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமாவுக்கு, இறைவன் பெயர் கூறி, வலக்கையால், தம் முன்னிருப்பதை உண்ணும்படி கற்பித்தார்கள். பலர் ஒரே தட்டில் உண்ணும்போது பிறர் பங்கில் கை நீளாதிருக்கவே இவ்வொழுக்கம். காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் சஹனைச் சுற்றி அமர்வோர் இன்றும் இதனைப் பேணுகின்றனர்.

அன்று மக்களைப் பிரித்து வைத்த வாழையிலை, இன்று நம் திருமண வீடுகளில் எல்லாச் சமயத்தாருக்கும் ஒரே வரிசையில் விரிக்கப்படுகிறது. நம் வீட்டுக்கு வரும் அயலாருக்கு நம் முறையை அன்போடு கற்பிப்போம்; அவர் தவறினால் முகம் சுளியாதிருப்போம். விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது ஈமானின் அடையாளமன்றோ!